தாளில் ஒரு ஜன்னல்

மாசிலாமணி தினமும் ஓட்டை விழுந்த செய்தித்தாளைத்தான் படிப்பார். ஆட்சிப்பணித் தேர்வுக்குப் படிக்கும் மகள் இளவேனில், வட்டி விகிதம், செயற்கை நுண்ணறிவு, கடல் காற்றாலை என்று தனக்கு வேண்டியதையெல்லாம் விடிந்ததும் வெட்டி எடுத்துவிடுவாள். மிச்சத்தை விரித்துப் பிடித்தால், அந்த ஜன்னல்கள் வழியே அடுப்படியும் முருங்கை மரமும் தெரியும். அவருக்கு அது பழகிவிட்டது. தேர்வு முடிவு வந்த மறுநாள் தாள் முழுசாகக் கிடந்தது. பட்டியலில் இந்த முறையும் அவள் எண் இல்லை. அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். முழுத்தாளில் அவருக்கு ஒரு வரிகூட ஓடவில்லை. அடுத்த நாளும் அப்படியே கிடக்க, கத்தரிக்கோலைத் தேடி எடுத்து, அரைப் பக்கத்துக்கு வந்திருந்த ஒரு செய்தியை ஓரம் பிசகாமல் வெட்டி அவள் தலைமாட்டில் வைத்தார். “வேணுமான்னு தெரியலம்மா. பெருசா போட்டிருந்தான், எடுத்தேன்.” அவள் திரும்பவில்லை. அவர் மிச்சத் தாளை விரித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில், அவள் எழுந்து துண்டைப் படிப்பது ஓட்டை வழியே தெரிந்தது. படித்தாள், திருப்பினாள், முகத்தைச் சுளித்தாள். “என்னப்பா நீங்க, பின்பக்கம் பாக்காமயா வெட்டுவீங்க? மீனவர் மானியச் செய்தி பாதியில போச்சு.”

“மீதி இங்கதான் இருக்கு,” என்றார், தாளை இறக்காமலே.

ஜன்னல் வழியாக அவள் கை உள்ளே வந்தது.

“கத்தரிக்கோலையும் குடுங்க.”