ஏழாம் வரிசைக் கௌபி

2024 ஓகஸ்ட் 7, புதன்கிழமை. மூதூரில் பகல் பன்னிரண்டரைக்கு வெப்பம் முப்பத்தெட்டு பாகை. கடைசி மழை பெய்து நாற்பது நாளாகியிருந்தது.

விவசாயி பஹ்மியாவின் வளவில் கௌபிப் பயறு பத்து வரிசையாக நின்றது. வரிசைக்கு ஓர் இனம். முப்பத்தாறு நாளாக எதற்கும் தண்ணீர் இல்லை. எந்த இனம் தாங்குகிறது என்று பார்ப்பதுதான் பரிசோதனை.

எட்டு வரிசைகள் கருகிவிட்டன. மூன்றாம் வரிசை பூவையெல்லாம் உதிர்த்துவிட்டு, பாதிப் பச்சையோடு தலை தொங்கி நின்றது.

ஏழாம் வரிசை காய்த்திருந்தது.

பயிர் ஆராய்ச்சி உத்தியோகத்தர் தயாளினி குனிந்து எண்ணினாள். ஒரு செடியில் பதினான்கு காய். அடுத்ததில் பதின்மூன்று. அதற்கடுத்ததில் பதினைந்து.

இந்தச் சூட்டில் கௌபிப் பூ பிஞ்சாகுமுன்பே மலடாகிவிடும். வேரடியில் தண்ணீர் இருந்தாலும் பாதி கொட்டிப்போகும். இந்தச் செடியோ இலைகளை ஒருக்களித்து, வெயிலுக்கு விளிம்பை மட்டும் காட்டிக்கொண்டு, பூத்த பூவையெல்லாம் காயாக்கி வைத்திருந்தது.

என்ன செடியடா இது என்று வாய்விட்டே சொல்லியிருப்பாள். ஆனால் அவள் வந்தது ஒரு முறைப்பாட்டை விசாரிக்க.

முறைப்பாடு செய்த பக்கத்து வளவு றம்ஸான் வேலிமேல் கையை ஊன்றி நின்றான்.

"மிஸ், அது கௌபியா ஒட்டகமா எண்டு கேளுங்க. இவ வாளியோட போனத இந்தக் கண்ணால ரெண்டு தரம் கண்டனான்."

"ஒட்டகத்துக்கு ஆரு றம்ஸான் தண்ணி காட்டின?" என்றாள் பஹ்மியா. முக்காட்டு நுனியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

விதி எளியது. தண்ணீர் பட்ட வரிசை நீக்கப்படும்.

ஏழாம் வரிசை பஹ்மியாவின் சொந்த விதை. 2006இல் போரால் இடம்பெயர்ந்தபோது ஒரு பால்மா டின்னில் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டு போனது. பரிசோதனையின் கடைசிப் போகம் இது. இன்று தேறினால் வருகிற வருடம் அந்த விதை மாவட்டம் முழுக்க விதைப்புக்குப் போகும். நீக்கப்பட்டால் டின்னுக்குள்ளேயே திரும்பிப் போகும்.

தயாளினி மண்வெட்டியை வாங்கி ஏழாம் வரிசைச் செடியொன்றின் பக்கத்தில் வெட்டினாள்.

ஒரு சாண் ஆழம்வரை சுட்ட மணல். இரண்டு சாணிலும் அதேதான். வேர் பக்கவாட்டில் போகவே இல்லை. நேரே கீழே இறங்கியிருந்தது.

மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையை விட்டாள். முழங்கை போனது. தோள் போனது. கன்னம் மணலில் பட்டுச் சுட்டது. அப்போதுதான் விரல் நுனியில் மண் ஒட்டியது.

ஈரம்.

நூலளவு வேர். ஓர் ஆளின் கை நீளம் தேடிப் போய், இருக்கிற கொஞ்ச ஈரத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து பதினான்கு காய்க்குக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறது. மேலே தண்ணீர் கிடைத்த செடி இவ்வளவு தூரம் போய் உழைக்காது.

எழும்பி, கன்னத்து மணலைத் தட்டினாள்.

"றம்ஸான் நானா, இதுக்கு ஆரும் ஒரு சொட்டும் ஊத்தேல்ல."

"அப்ப வாளி?"

நியாயமான கேள்விதான். எப்படியும் அறிக்கையில் ஒப்பிட்டுக் காட்ட இன்னொரு குழி வேண்டும். தயாளினி மூன்றாம் வரிசைக்குப் போனாள்.

அது அவளுடைய இனம். நான்கு வருடம் தானே கலந்து, தானே தெரிந்தெடுத்தது. காய் இல்லைதான். ஆனாலும் எட்டு வரிசை கருகிய இடத்தில் அது இன்னும் உயிரோடு நின்றது. வளவுப் படலையைத் திறந்த நேரத்திலிருந்து அவளுக்குள் அதைப் பற்றி ஒரு சின்னப் பெருமை இருந்துகொண்டிருந்தது.

மண்வெட்டியை ஓங்கினாள்.

"அதத் தோண்ட வேணாம் மிஸ்," என்றாள் பஹ்மியா.

தயாளினி தோண்டினாள்.

அரைச் சாணிலேயே மண் குளிர்ந்தது. வேர்கள் அங்கேயே, மேல்மண்ணிலேயே, கூடிச் சுருண்டு கிடந்தன.

வேலிக்கு அப்பால் றம்ஸான் கையை எடுத்துக்கொண்டான்.

"விதைக்கக்குள்ள நாலு வருசம் பாடுபட்டதெண்டு சொன்னீங்க," என்றாள் பஹ்மியா, மண்ணைப் பார்த்துக்கொண்டே. "எங்கட வளவுக்கு வந்தது வாடி நிண்டா, நான் எப்பிடி மிஸ் உங்கட முகத்தில முழிக்கிற?"

"அப்ப உங்கட வரிசையும் வாடித்தானே இருந்திருக்கும் அக்கா?"

"அது வீட்டு ஆள் மிஸ். பொறுக்கும்."

தயாளினி படிவத்தை முழங்காலில் வைத்து நிரப்பினாள்.

மூன்றாம் வரிசை: நீர் பெற்றது. காய் இல்லை. நீக்கப்பட்டது.

ஏழாம் வரிசை: நீர் பெறவில்லை. செடிக்குச் சராசரி பதினான்கு காய். தெரிவு செய்யப்பட்டது.