முகமா, முதுகா?

"அண்ணை, கோவிக்காதேங்கோ. பின்னேரமும் இப்பிடித்தான் எண்டால் உங்கட முதுகை மட்டும் எடுத்துச் சமாளிப்பம்" என்றான் டைரக்டர் யனுஷன்.

சந்திரகுமாருக்குத் திக்கென்றது. முதுகா?

இல்ஃபோர்டில் வீடுகளுக்கு வயரிங் செய்கிற மனிதர் அவர். ஐம்பது வயதுக்கு மேல் நடிப்பு ஆசை பிடித்து ஆட்டியது. யனுஷனும் கூட்டாளிகளும் வால்தம்ஸ்டோவில் சனிக்கிழமைகளில் இலவசமாக நடத்தும் நடிப்புப் பட்டறைக்கு ஒரு கிழமையும் தவறாமல் போனார். அவர்கள் சொந்த முயற்சியில் எடுக்கும் குறும்படத்தில் அப்பா வேடமும் கிடைத்துவிட்டது. மனைவி மாதங்கி ஜெர்மனியிலிருக்கும் சொந்தங்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லியாயிற்று. படத்தில் முதுகு மட்டும் வந்தால் சனம் சும்மா விடுமா?

சீன் என்னவோ சின்னதுதான். டொக்டருக்குப் படிப்பதாக நம்பவைத்த மகள், படிப்பை விட்டு ஒரு வருசம் ஆயிற்று என்று வந்து நிற்கிறாள். அப்பா சொல்லவேண்டும்: "நீ டொக்டர் எண்டு ஊரெல்லாம் சொல்லிப்போட்டன். இப்ப நான் என்ன பிள்ளை செய்ய?"

பட்டறையில் நன்றாகத்தான் வந்தது. ஆனால் இன்று காலை கமராவைக் கண்டதும் எல்லாம் பறந்துபோயிற்று. அப்பாவையும் மகளையும் சேர்த்து எடுத்தபோது, வழியை மறித்து நிற்கும் காரை எடுக்கச் சொல்லிக் கோயில் மைக்கில் அறிவிப்பார்களே, அதேபோல் ஒப்பித்துவிட்டார்.

மத்தியானம், மகளாக நடிக்கும் லக்‌ஷிகாவின் முகத்தைத் தனியாக எடுத்தார்கள். இருப்பது ஒரே கமரா. அது அவளைப் பார்த்திருக்க, சந்திரகுமார் கமராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தன் வசனத்தைச் சொல்லவேண்டும். அதைக் கேட்டு அவள் நடிப்பாள். அதன் பிறகுதான் கமராவைத் திருப்பி இவர் முகம். படம் எடுக்கக் கேட்டு வாங்கிய வீடு; ஐந்து மணிக்கு வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்தாகவேண்டும்.

சந்திரகுமார் பேப்பரைப் பார்த்து வாசித்தார். லக்‌ஷிகாவின் கண் நிரம்பியது. முடிந்தது என்று நினைத்தார்.

அவள் எழுந்துபோய் யனுஷனிடம் ஏதோ பேசிவிட்டு வந்தாள். "ஸொரி அங்கிள், எனக்குச் சரியா வரேல்லை. இன்னொருக்கா எடுப்பமா?"

சரி, இன்னொருக்கா வாசித்தார்.

"ஐயோ அங்கிள், பஸ் சத்தத்தில குழம்பிப்போனன். இன்னொருக்கா."

அதுவும் ஆயிற்று. பிறகு தலைமயிர் சரியில்லையாம். அதற்குப் பிறகு கதிரை ஆடுகிறதாம்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சந்திரகுமார் மனதுக்குள் கறுவிக்கொண்டார். இவள் பெரிய நடிப்புப் பள்ளிக்கூடத்தில் படித்தவளாம்! எனக்கு வைத்திருந்த நேரத்தையும் இவளே தின்கிறாளே!

"அங்கிள், பேப்பரை வச்சிட்டு என்னைப் பாத்துச் சொல்லுங்கோவன். அப்பத்தான் எனக்கு அழுகை வரும்."

'உம்மை அழவைக்கிறதோ என்ர வேலை?' என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டு பேப்பரைக் கீழே வைத்தார்.

மறுபடியும். மறுபடியும். கோபம் வந்தது. பிறகு கோபமும் அலுத்துப்போயிற்று. கடைசியில் கையை விரித்தபடி, "இப்ப நான் என்ன பிள்ளை செய்ய?" என்றார். குரல் எங்கோ அடியில் கிடந்தது. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"தாங்க்யூ அங்கிள். எனக்குக் காணும்" என்றாள் லக்‌ஷிகா.

"அப்பாடா!" என்றார், அவள் காதில் விழட்டும் என்றே.

கமராவைத் திருப்பினார்கள். வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. "அண்ணை, ஒரு தரத்துக்குத்தான் நேரம் இருக்கு" என்றான் யனுஷன்.

லக்‌ஷிகா கமராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்பா, நான் படிப்பை விட்டு ஒரு வருசம்."

சந்திரகுமார் அவளைப் பார்த்தார். கமரா என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிற்று. "நீ டொக்டர் எண்டு ஊரெல்லாம் சொல்லிப்போட்டன்..." கை தானாக விரிந்தது. "இப்ப நான்... என்ன பிள்ளை செய்ய?"

யனுஷன் 'கட்' சொன்ன பிறகும், தமிழில் ஒரு சொல்லும் தெரியாத கமராக்காரர் எட்வேட் தலையை எடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அண்ணை! முகம்தான்! முதுகு இல்லை!" யனுஷன் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

சந்திரகுமாருக்குச் சந்தோசத்தில் கால் தரையில் நிற்கவில்லை. லக்‌ஷிகா வேலைக்கு நேரமாகிறது என்று கையசைத்துவிட்டு ஓடிப்போனாள். அவள் படியிறங்கும்வரை பொறுத்திருந்து வாயைத் திறந்தார்.

"பாத்தீரே தம்பி, ஒரே டேக்! அந்தப் பிள்ளைக்கு எத்தினை டேக்! நான் குறை சொல்லேல்லை. படிச்ச பிள்ளை எண்டாலும் பழக்கம் காணாது. சனிக்கிழமையில எங்கட பட்டறைக்கு வரச்சொல்லும். நானும் ரெண்டு விசயம் சொல்லிக் குடுக்கிறன்."

வயரைச் சுற்றிக்கொண்டிருந்த யனுஷன் சிரித்துவிட்டான்.

"அவவுக்கு முதல் டேக்கே ஓகே அண்ணை. அதுக்குப் பிறகு கமரா ஓடவே இல்லை. 'அங்கிளுக்குக் கொஞ்சம் பழகோணும், பிழை விடுறது நானா இருக்கட்டும்' எண்டு அவதான் வந்து சொன்னவ."