மஸ்பெலனின் குரல்

என் கணவர் கோதண்டம் டப்பிங் கலைஞர். வட ஐரோப்பாவின் நார்ஸ் புராணத்து நெருப்பு அரக்கனை வைத்து ஒரு கம்பெனி உருவாக்கிய பேசும் காமிக்ஸின் வில்லன் மஸ்பெலனுக்கு, தன் குரலை மொத்தமாக எழுதிக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து அவர் எந்தப் போனில் பேசினாலும், "இது மஸ்பெலனின் குரல். பிறர் பயன்படுத்தக் கூடாது" என்று ஒரு அறிவிப்பு வந்து இணைப்பு அறுந்துவிடும்.

போன வாரம் குளியலறையில் வழுக்கி விழுந்து என் மண்டை உடைந்தது. அவர் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். மூன்று முறையும் பாதியிலேயே அறுந்தது. "அவ செத்துருவாடா, பேச விடுங்கடா!" என்று நான்காவது முறை அலறினார். அதுவும் மஸ்பெலனின் குரல்தானாம். கடைசியில் ரத்தம் வழிய வழிய நானே போனைப் பிடுங்கி முகவரி சொன்னேன்.

தையல் பிரிக்கும்வரைகூடப் பொறுக்காமல் கம்பெனிக்குப் போனேன். "கட்டின பொண்டாட்டி செத்துட்டிருக்கா, அப்பவும் அந்தக் குரல் உங்களுதா? நெஞ்சுல ஈரமே இல்லையாய்யா?" என்று அறைக் கண்ணாடி அதிரக் கத்தினேன்.

நான் மூச்சு வாங்கியபோது மேலாளர் ஒரு படிவத்தை என் பக்கம் நகர்த்தினார்.

"மஸ்பெலனுக்கு ஒரு சம்சாரம் தேடிட்டிருக்கோம் மேடம். உங்க குரலைக் குடுப்பீங்களா?"