இருபது நிமிஷ வெயில்

மொட்டை மாடிக் கொடியில் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் வரிசையாக வெயில் காய்கின்றன. இரண்டு விரிப்புக்கு நடுவில், கவிழ்த்துப் போட்ட வாளிமேல், இஸ்திரி போடுகிறவள் உட்கார்ந்திருக்கிறாள். சீருடைக் கையைத் தோள்வரை சுருட்டிவிட்டிருக்கிறாள். ஒன்பது வருஷமாகக் கீழ்த்தளத்து டியூப்லைட் வெளிச்சத்திலேயே கிடந்த கை, ஊறவைத்த துணி மாதிரி வெளிறிக் கிடக்கிறது. எலும்பெல்லாம் குடைகிறது என்று போனவளுக்கு இதே ஆஸ்பத்திரி டாக்டரம்மாதான் ரத்தத்தைச் சோதித்து, வைட்டமின் டி அடிமட்டத்தில் இருக்கிறது என்று வாரம் ஒரு மாத்திரையும் மத்தியானம் இருபது நிமிஷ வெயிலும் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார். இரும்புக் கதவு கிறீச்சிடுகிறது. சூப்பர்வைசர் மூச்சிரைக்க வந்து நிற்கிறார். "சாப்பாட்டு நேரத்துல மாடிக்கு யாரைக் கேட்டு வந்தே?" "டாக்டரம்மாவைக் கேட்டு." "மாத்திரையை முழுங்கிட்டுக் கீழ போம்மா. வெயில் காய நீ என்ன துணியா?" அவளுக்குச் சுருக்கென்கிறது. "துணிக்கு இருக்கிற மரியாதைகூட எனக்கில்லையா சார்? அதை நாலு மணி நேரம் காயப்போடுறீங்க. நான் கேக்கிறது இருபது நிமிஷம்." அவர் பூட்டப்போகிறவர் போலச் சாவிக்கொத்தைக் குலுக்குகிறார். அவள் எழுந்திருக்கவில்லை. பையிலிருந்து சீட்டை எடுத்துப் பிரித்து, உட்கார்ந்தபடியே எட்டி, விரிப்புக்குப் பக்கத்தில் கிளிப் போட்டு மாட்டுகிறாள். அவர் முகத்துக்கு நேராக அது படபடக்கிறது. "பூட்டணும்னா பூட்டிக்குங்க சார். எனக்கு இன்னும் பதினோரு நிமிஷம் இருக்கு" என்றபடி, அடுத்த கையையும் சுருட்டிவிட்டு வெயிலில் நீட்டுகிறாள்.