அத்தைக்கு ஒரு டிவிடி

"ஃபைலை அப்படியே இழுத்துப் போட்டா அது டிவிடியா? உனக்கெல்லாம் எவன் டிகிரி குடுத்தான்?"

ஆதவன் டிஸ்க்கை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக் காட்டினான். எதிரே அனுப்ரியா துவைத்த துணியை மடித்துக்கொண்டு நின்றாள். கல்யாணமாகி ஏழு வருஷம். புருஷனின் இந்த மாதிரிப் பேச்சுக்கு வாயைத் திறக்காமலிருக்க எப்போதோ பழகிவிட்டாள்.

"போன வாரம் அத்தை பிளேயர்ல போட்டேங்க. டிஸ்க் எரர்னு வந்துச்சு."

"வராம என்ன செய்யும்? அது பழைய பிளேயர். கன்வர்ட் பண்ணணும், டிவிடி ஃபார்மட்ல பர்ன் பண்ணணும், கடைசியில ஃபைனலைஸ் பண்ணணும். மண்டையில ஏதாவது இருந்தாத்தானே தெரியும்!"

அடேயப்பா, என்ன ஞானம்! ஜூரோங் ஆபீஸில் ஐயா வாயைத் திறந்தால் 'யெஸ் பாஸ்' தவிர வேறொன்றும் வராது. சுவா சூ காங் அடுக்குமாடியில் லிஃப்டை விட்டு இறங்கி வீட்டுக் கதவைத் திறந்ததும் அத்தனை வீரமும் எங்கிருந்துதான் வருமோ.

"அப்ப நீங்களே பண்ணிக் குடுத்துடுங்களேன்," என்றாள் அனு. "நாளைக்கு புக்கிட் மேராவுக்கு, அத்தை வீட்டுக்குப் போறேன். உங்க கையால பண்ணினதுன்னு சொன்னா அத்தை கட்டாயம் போட்டுப் பார்ப்பாங்க."

அத்தை என்றால் ஆதவனின் அம்மா, பாக்கியலட்சுமி. கையில் பட்டன் போன். படம் பார்க்கவென்று இருப்பது தேக்கா கடைத்தெருவில் எப்போதோ வாங்கிய அந்த டிவிடி பிளேயர் ஒன்றுதான். தீபாவளிக்கு முந்தின வாரம் அனு அவரிடம் வீட்டு விஷயம் ஏதோ சொல்லப் போக, "என் பிள்ளை மேலயே குறை சொல்றியா?" என்று எழுந்து உள்ளே போனவர், இன்றுவரை மருமகளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அனுவுக்கு அது தாங்கவில்லை. எப்படியாவது அத்தையின் மனசு தன் பக்கம் திரும்ப வேண்டும். அம்மா அப்பா இல்லாதவளுக்கு இந்த ஊரில் போய் நிற்க வேறு வாசலும் கிடையாது.

"ஓஹோ, சீரியல் போட்டுக் காட்டி எங்கம்மாவுக்கு ஐஸ் வைக்கப் பாக்கறியா?" ஆதவன் சிரித்தான். "என்ன கதை?"

"குடும்பக் கதைதான்."

"அதானே! ஒருத்தன் கத்துவான், ஒருத்தி மூக்கைச் சிந்துவா. அந்தக் குப்பையை டவுன்லோட் வேற பண்ணி வச்சிருக்கே. வெக்கமா இல்ல?"

அனு ஒரு சட்டையை உதறி, கைகளை உள்பக்கமாக மடித்தாள்.

அவன் தம்ப் டிரைவை லேப்டாப்பில் செருகினான். வரிசையாகப் பத்தொன்பது ஃபைல்கள். பெயர் என்று எதற்கும் ஒன்றுமில்லை, தேதியும் நேரமும் மட்டும்தான்.

"பேரு மாத்தக்கூடவா தெரியாது லா உனக்கு! எபிசோட் ஒண்ணு, ரெண்டுன்னு போட்டா கை தேய்ஞ்சா போயிடும்? இந்த வீட்ல வைஃபை போட்டது நானு. கதவுக்கு டிஜிட்டல் லாக் போட்டது நானு. ஹால்ல கேமரா மாட்டினது நானு. நான் இல்லன்னா நீ லைட் சுவிட்ச் எங்க இருக்குன்னாவது கண்டுபிடிப்பியா?"

ஒரு ஃபைலையாவது திறந்து பார்த்தானா? சீச்சீ, சீரியல் பார்க்கிற ஆளா அவர்! பத்தொன்பதையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து கன்வர்ட் பண்ணத் தள்ளிவிட்டு, கால்மேல் கால் போட்டுக்கொண்டு போனில் ஃபுட்பால் பார்க்க ஆரம்பித்தான்.

"சத்தம் கொஞ்சம் கூட்டி வைக்க முடியுமாங்க? அத்தைக்கு ஒரு காது மந்தம்."

"முடியுமாவா? யார்கிட்ட கேக்கறே நீ?"

ஒரே கிளிக்கில் கூட்டினான். யாரும் கேட்காமலே முகப்புப் பக்கம் ஒன்றும் செய்து, அதில் 'தயாரிப்பு: ஆதவன்' என்று கொட்டை எழுத்தில் போட்டுக்கொண்டான். தற்பெருமைக்கும் ஓர் அளவு வேண்டாமா?

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அனு ஐந்து வயது மகள் வர்ஷாவைக் கையில் பிடித்துக்கொண்டு, டிஸ்க்கைக் கைப்பையில் பத்திரமாக வைத்து, எம்ஆர்டி ரயில் ஏறினாள். "இதையாவது கீறாம கொண்டு போ," என்று வாசல்வரை வந்து வழியனுப்பினான் அந்த மகானுபாவன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு அம்மாவிடமிருந்து போன் வந்தது. பாராட்டு வாங்க ஆதவன் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"என்னம்மா, போட்டுப் பார்த்தியா? சத்தம் நல்லா கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. எதிர் வீட்டுக் கமலாவே என்னமோ ஏதோன்னு வந்து எட்டிப் பார்த்துட்டுப் போனா."

"பின்னே, யாரு செஞ்சது! சரி, அனுவைச் சீக்கிரம் கிளம்பச் சொல்லு. வீட்ல சோறு இல்ல."

"அவ வர மாட்டா. அவளும் வர்ஷாவும் இனிமே இங்கதான் இருப்பாங்க."

ஆதவன் சோபாவை விட்டு எழுந்தான். "ஏம்மா, என்ன ஆச்சு? டிஸ்க் சரியா ஓடலையா?"

"ஓடிச்சுடா. பத்தொன்பது நாள் நீ அவளைத் திட்டினது, ஒண்ணு விடாம ஓடிச்சு."