ஈயக்குண்டு ஏறிய விமானம்

வலையோடு கடலடியில் கிடந்த காலத்தில், தலைக்கு மேலே எங்கோ கடற்காகங்கள் போட்ட கூச்சல் ஈயக்குண்டின் காதைவிட்டுப் போகவே இல்லை. இப்போது அது பிரிட்டோவின் பட்டறையில், ஆணி டப்பாவுக்குள் இருந்தது. எதிரே மேசைமேல், பெட்ரோல் எஞ்சின் பூட்டிய பெரிய ரிமோட் விமானம் உருவாகிக்கொண்டிருந்தது.

"என்னையும் ஏற்றிக்கொள்வார்களா?" என்று ஈயக்குண்டு கேட்டது.

விமானத்தின் வால் விழுந்து விழுந்து சிரித்தது. பிரிட்டோ ஆசை தீராமல் சிவப்புக்கு மேல் சிவப்பாகப் பூசியிருந்த வால் அது. "அடேய் தடியா, உனக்கு முழுகத்தானே தெரியும்!"

"முழுகி முழுகி அலுத்துப்போச்சு. ஒருதரம் மேலே போய்ப் பார்க்கணும்."

மறுநாள் பிரிட்டோ இறக்கைகளுக்கு அடியில் விரல்நுனி கொடுத்து விமானத்தைத் தூக்கினார். வால் தொப்பென்று தாழ்ந்தது.

"பெயிண்ட் கூடிப்போச்சே! இப்படியே விட்டால் ஏறினதும் கவிழ்ந்துவிடும்" என்றபடி டப்பாவைத் துழாவினார். ஈயக்குண்டை எடுத்து, விமானத்தின் மூக்கில் எஞ்சினுக்குப் பக்கத்தில் வைத்துத் திருகாணியால் முடுக்கினார். விமானம் விரல்நுனியில் ஆடாமல் நேராக நின்றது.

மைதானத்தில் எஞ்சின் உறுமியது. புல் கீழே போனது, பனைகள் கீழே போயின.

"அண்ணே, கெட்டியா உட்காருங்க! நீங்க விழுந்தா நானும் போச்சு!" என்று வால் அலறியது.

இப்போது விழுந்து விழுந்து சிரித்தது ஈயக்குண்டு.

அந்தக் கோடை முழுவதும் விமானம் பறந்தது. ஈயக்குண்டை யாரும் கழற்றவில்லை.