பதினோரு பேர் முன்னாடி

“குடுவையைக் கழுவித் தர முடியுமா, முடியாதா?”

“முதல்ல அந்த வார்த்தையைத் திருப்பி எடுங்க சார்.”

முதலாளிக்குக் கோபம் மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. மணி பத்து. பதினோரு மணிக்குப் பெரிய கம்பெனிக்காரர் வருகிறார். சரக்கைக் கண்ணெதிரே சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் ஆர்டர். இந்த நேரத்தில் பரிசோதனைக் கூடத்தில் கண்ணாடிக் குடுவை கழுவுகிற அக்கா கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள்.

அந்த வார்த்தை போன மாதம் வந்தது. ஒரு தடவை அலசினால் போதும் என்று அவர் சொல்லியிருக்க, டிஸ்டில்ட் வாட்டர் மூன்று மடங்கு தீர்ந்துகொண்டிருந்தது.

“எந்த பேட்டரிக் கடைக்கு வித்தே?” என்று ஆரம்பித்தவர், ‘திருடி’ என்று முடித்தார்.

“மூணு தடவை அலசறேன் சார். அதான் தீருது.”

அவர் காதில் வாங்கவில்லை. கேன்களைப் பூட்டினார். அக்கா கையில் துடைப்பத்தைக் கொடுத்துவிட்டு, கழுவுவதற்கு வேறு ஆளைப் போட்டார்.

அதோடு பிடித்தது சனியன். நோய் கண்டுபிடிக்கும் காகிதப் பட்டைகளுக்கான சிவப்புத் திரவம்தான் அவர்கள் சரக்கு. கண்ணுக்கே தெரியாத தங்கத் துகள்கள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு பூச்சு. அடுத்தடுத்து நாலு தடவை, சோதித்துப் பார்க்க உப்புப் போட்டுச் சுட வைத்ததும் சிவப்பு நீலமாகி அடியில் படிந்துவிட்டது.

கெமிஸ்ட் மேடம் நேற்றுதான் காரணத்தைக் கண்டுபிடித்தார்.

“துகளுக்கெல்லாம் சட்டை போட்டு விட்டிருக்கோம் சார். அதனாலதான் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம மிதக்குது. உப்பு பட்டா அந்தச் சட்டை தளரும். கூடவே சூடும் சேர்ந்தா கழண்டே போயிடும்.”

“வர்றவரும் உப்பைப் போட்டுத்தானே சுட வெப்பார்?”

“அவர் போடற அளவை நம்ம சட்டை தாங்கும். குழாய்த் தண்ணி உப்பு குடுவையில காஞ்சு ஒட்டியிருக்கே, அதுவும் சேர்ந்தா தாங்காது. அக்கா அலசின அலசல்லதான் இத்தனை வருஷம் நம்ம மானம் நின்னிருக்கு. அவங்க கழுவாத குடுவையில இனி நான் ஊத்த மாட்டேன்.”

கேன் சாவியை நேற்றே மேடத்திடம் கொடுத்தாகிவிட்டது. இன்றைக்கு அக்காவிடம் வந்து நிற்கிறார், பேரம் பேசியே முன்னுக்கு வந்த மனிதர்.

“சம்பளம் ஏத்தறேன்.”

“வேண்டாம்.”

“சூப்பர்வைசர் ஆக்கறேன்.”

“யாரை மேய்க்க?”

“சரி, தப்புதான். வார்த்தையை வாபஸ் வாங்கறேன். போதுமா?”

“இந்த ரூமுக்குள்ளயா சொன்னீங்க?”

“சாயங்காலம் எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்றேன்.”

“அன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் பொறுத்தா சொன்னீங்க?”

“நாலு பேரைக் கூப்பிடறேன், வா.”

“பதினோரு பேர் இருந்தாங்க சார்.”

வாசலில் நின்ற கணக்கர் பக்கத்து ஆளிடம் முணுமுணுத்தார். “நேரம் பார்த்துக் கழுத்துல கத்தி வைக்குது பாரு. ஆர்டர் போனா எல்லார் சோறும்தானே போகும்?”

அக்காவுக்கு அது கேட்டது. அசையவில்லை.

பத்தே முக்காலுக்கு முதலாளி போட்ட சத்தத்தில் பதினோரு பேரும் ஓடி வந்தார்கள்.

“கேட்டுக்குங்க. இவங்க திருடலை. கம்பெனி பேரைக் காப்பாத்தினாங்க. நான்தான் வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன்.”

அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்குச் சட்டை நனைந்துவிட்டது. அக்கா முதல் தடவையாகக் கட்டிய கையை அவிழ்த்தாள்.

அதற்குள் வாசலில் கார் ஹாரன். கம்பெனிக்காரர் கால் மணி நேரம் முன்னாடியே வந்துவிட்டார்.

“போச்சு. கழுவிக் காய வைக்கவே ஒரு மணி நேரம் ஆகுமே” என்று முதலாளி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

அக்கா போய் உலர்த்தும் பெட்டியின் கதவைத் திறந்தாள். பன்னிரண்டு குடுவைகள். தலைகீழாக, வரிசையாக, ஒரு சொட்டு ஈரம் இல்லாமல், பளிச்சென்று.

“இதை எப்ப கழுவினே... கழுவினீங்க?”

“காலையில வந்ததும், முதல் வேலையா.”

“அப்ப இவ்வளவு நேரம் என்னோட மல்லுக்கு நின்னது?”

“அது என் சொந்த வேலை சார்.”